கதவோரத்து டீச்சர்

டீச்சரைப் பற்றிச் சொல்வதானால் அவருடைய பையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கெட்டியான காக்கித் துணிப் பை. காலையில் கல்லூரிக்குப் போகும்போது என்ன கனமோ, சாயங்காலம் திரும்பி வரும்போதும் அதே கனம். உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். பஸ் வரும்வரை அதை என் கடைப் பெஞ்சில்தான் வைத்திருப்பார். ஒரு எவர்சில்வர் டம்ளர், சாக்பீஸ் டப்பா, டஸ்டர், குடை, நாற்காலியில் விரித்துக்கொள்ள ஒரு துண்டு, புத்தகங்கள். இந்த டம்ளரையாவது அங்கேயே வைத்துவிட்டு வரக்கூடாதா என்று ஒரு நாள் கேட்டேன்.

"வெச்சுட்டு வந்தா அதை எடுக்கறதுக்குன்னு ஒரு நாள் போகோணுமுங்க," என்றார். "வேலை இல்லைன்னு ஆன பொறவு, ஒரு டம்ளருக்காக அந்தப் படியேற என்னால ஆகாது."

அவர் கெஸ்ட் டீச்சர். மேற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் எடுத்தார். நிரந்தர வேலை கிடையாது. மார்ச் மாதம் முடிந்தால் வேலை முடிந்தது. ஜூன் வந்தால் மறுபடி இன்டர்வியூ. அந்தப் பாடத்துக்குப் போதுமான வகுப்புகள் இருந்தால்தான் கெஸ்ட்டைக் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் நிரந்தர ஆசிரியர்களே பங்கு போட்டு எடுத்துக்கொள்வார்கள். "சொந்த டம்ளரைத் தூக்கிட்டுப் போற விருந்தாளி எங்கியாவது உண்டுங்களா? நாங்கதான்," என்பார்.

பேரைச் சொல்லாமல் டீச்சர், டீச்சர் என்கிறேனே என்று நினைக்க வேண்டாம். பேரை எழுதினால் அதற்கும் அவருக்கு ஒரு வெசனம் வரும். இப்போது அவர் இருக்கும் இடத்தில் அந்த வெசனத்துக்கு நியாயமும் இருக்கிறது.

என் டீக்கடை கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், கேரளத்துக்குள். கடைக்கு முன்னால் நின்றால் மேற்கே போகும் பஸ் கிடைக்கும். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்றால் கிழக்கே, தமிழ்நாட்டுக்குள் போகும் பஸ். விடிந்து பால் கொதிப்பதற்குள் எதிர்ப்பக்கத்தில் மஞ்சள் பஸ்கள் வரிசையாக வந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கமும் கோயமுத்தூர்ப் பக்கமும் இருக்கிற தனியார் கல்லூரிகளின் பஸ்கள். கழுத்தில் அட்டை தொங்க நிற்கும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். என் பக்கம் நிற்பவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேரில் டீச்சரும் ஒருவர்.

பஸ்ஸில் கதவோரச் சீட்டில்தான் உட்காருவார். அது காலியாக இல்லாவிட்டால் கதவுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போவார். பின்னால் பாதி பஸ் காலியாகக் கிடக்கும். "டீச்சர் எறங்கறதுக்குன்னே ஏறறவங்க," என்று கண்டக்டர் கிண்டல் செய்வார். டீச்சர் சிரிப்பார், ஆனால் நகர மாட்டார்.

அவருடைய வீட்டுக்காரர் தென்னை குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறவர். கிண்டலில் கண்டக்டருக்கு அண்ணன். "கல்யாண மண்டபத்துல மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கறோம். மெதுவா என்ற காதுகிட்ட வந்தா. ஆசையா ஏதோ சொல்லப்போறான்னு பாத்தா, 'ஏனுங்க, இந்த மண்டபத்துக்குப் பின்னால வாசல் இருக்குதுங்களா'ங்கறா."

"தீப்புடிச்சா எங்க ஓடறதுன்னு தெரியோணுமல்லோ," என்பார் டீச்சர்.

"பாருங்க, தாலி கட்டற நேரத்துல தீயி."

இது சிரித்துவிட்டுப் போகிற குணம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மார்ச்சிலிருந்து ஜூன் வரை அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் சிரிப்பு வராது. அந்த மாதங்களில் கடைக்கு வந்து டீ வாங்குவார், குடித்து முடிக்க மாட்டார். போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைப்பார், நிமிர்த்துவார், மறுபடி கவிழ்ப்பார். இன்டர்வியூ முடிந்து வந்தால் என் வீட்டுக்காரி கேட்பாள், "என்னங்க டீச்சர் கேட்டாங்க?"

"உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னாங்க அக்கா. மார்ச் மாசம் வரைக்கும் ஒரே ரூமுல உக்காந்து ஒண்ணாச் சோறு தின்னவங்க. இப்பப் பாத்தா ஆருன்னே தெரியாத மாதிரி அவங்க கேக்கோணும், நானும் புதுப்பொண்ணு மாதிரி சொல்லோணும்."

சம்பளம் மாதா மாதம் வராது. ஓணத்துக்கு முன்னால் வந்தால் அது நல்ல வருஷம். இத்தனைக்கும் நடுவில், பிள்ளைகளுக்கு அவர் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. எங்கள் ஊரில் பாதிப் பேர் அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள். "உள்ள போற வழிய ஆரு வேண்ணாலும் காட்டுவாங்க. வெளிய வர்ற வழிய நீதான் கேட்டுக்கோணும்."

இந்த வார்த்தைக்கு எங்கள் எல்லையில் ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் ப்ளஸ் டூ எழுதி முடித்ததும், கிழக்கே இருக்கிற தனியார் கல்லூரிகளின் ஆட்கள் வீடு வீடாக வந்துவிடுவார்கள். கேரளத்து அரசுக் கல்லூரிகளில் இடம் ஒதுக்கி அறிவிப்பு வருவது அதற்கும் ரொம்பப் பின்னால். நடுவில் இருக்கிற வாரங்களில் பெற்றோருக்கு உள்ளூர ஒரு நடுக்கம். இங்கே கிடைக்காமல் போனால் அங்கேயும் போய்விடுமே என்று கிழக்கே ஓடிப்போய் பிள்ளையைச் சேர்த்துவிடுவார்கள். சேர்க்கும்போது ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிற கல்லூரிகளும் உண்டு. பிறகு இங்கே அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று போய் நின்றால், முழுப் படிப்புக்கும் கட்டிவிட்டு எடுத்துப் போ என்பார்கள். வருஷம் தவறாமல் யாராவது ஒருவர் இதில் மாட்டுவார். அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் அதிலேயே போய் மாட்டுவார்.

எருத்தேன்பதிப் பக்கத்து விவசாயி ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டு வந்து என் கடை பெஞ்சில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மகளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் வந்துவிட்டது, சர்ட்டிபிகேட் கையில் இல்லை. டீச்சர் அன்று லீவு போட்டார். கெஸ்ட்டுக்கு லீவு என்றால் அன்றைய கூலி போச்சு. அவரோடு கிளம்பிக் கிழக்கே போனார். நடந்ததை அந்த விவசாயி பின்னால் சொன்னார்.

"டீச்சர் சண்டையே போடலீங்க. 'நீங்க சொல்றதயே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துருங்க, நாங்க போறோம்'ன்னாங்க. எழுதித் தர மாட்டாங்களாமா. செரின்னு அங்கயே பெஞ்சுல உக்காந்துட்டாங்க. மத்தியானம் பையில இருந்து டம்ளர எடுத்து, அவங்க பைப்புலயே தண்ணி புடிச்சுக் குடிச்சாங்க. மறுபடியும் போயி, 'எழுதீட்டீங்களா சார்'ன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் அதே கேள்விதானுங்க. கடைசீல சர்ட்டிபிகேட்டக் கொண்டாந்து கையில குடுத்து, கும்புடு போட்டு அனுப்பிச்சாங்க."

திரும்பி வந்த டீச்சருக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. "எழுதியே குடுத்திருந்தா என்னங்க பண்ணியிருப்பேன்," என்றார். "அதுக்கு மேல எனக்கொண்ணும் தெரியாதுங்க."

எங்கள் வீட்டுக்கும் அப்படியொரு மே மாதம் வந்தது. மகள் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். கல்லூரிக்கு ஆள் பிடிக்கிறவர் ஒருவர் வருஷா வருஷம் வருவார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வாசனை, வாய் நிறையச் சிரிப்பு. கல்லூரிப் பேர் அச்சடித்த குடை ஒன்றை என் வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அக்கா, பஸ்ஸு உங்க வாசல்லயே வந்து புள்ளைய ஏத்திக்கும், வாசல்லயே எறக்கி உட்டுரும். வேலையும் நாங்களே வாங்கிக் குடுக்கறோம். சமரம் கிமரம்னு ஸ்ட்ரைக்குப் பேச்சே நம்ம காலேஜ்ல கெடையாது."

என் வீட்டுக்காரிக்கு அந்த 'வாசல்லயே' என்கிற வார்த்தை பிடித்துவிட்டது. எனக்கும்தான். பொம்பளைப் பிள்ளை நெரிசலில் தொங்கிக்கொண்டு மேற்கே போவதை நினைத்தால் எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்தார். டீ வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க சார், ஒரே ஒரு சந்தேகமுங்க. புள்ளைக்குப் புடிக்கலீன்னா எப்புடி வெளிய வர்றது?"

அவர் சிரித்தார். "ஏனுங்க மேடம், கல்யாணம் பேசறப்பவே டைவர்ஸ் எப்படீன்னு கேக்கறீங்களே."

"கல்யாணம்னா பொண்ணோட பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட்ட மாப்பிள்ள ஊட்ல வாங்கிப் பூட்டி வெக்க மாட்டாங்களே சார்."

வெள்ளைச் சட்டைக்காரர் கோபப்படவில்லை. அவர் தொழிலில் கோபத்துக்கு இடமில்லை. டீயைக் குடித்துவிட்டு, "அக்கா, சனிக்கெழம வர்றேன், ரெடியா இருங்க," என்று வண்டியை எடுத்தார்.

என் வீட்டுக்காரி டீச்சர் பக்கம் திரும்பினாள். "செரி, அங்க வேண்டாம்னா உங்க காலேஜ் நல்லாருக்குமுங்களா? மறைக்காமச் சொல்லுங்க."

டீச்சர் மறைக்கவில்லை. "சமரம் வரும் அக்கா. அன்னைக்கு வகுப்பு நடக்காது. கக்கூஸுல தண்ணி வராத நாளும் உண்டு. எங்கள மாதிரி கெஸ்ட்டுகள் வந்து சேர்றதுக்குள்ள முத மாசம் பாடமில்லாமயே போயிரும். ஆனா லைப்ரரி இருக்குது. பாடத்துல நல்ல டீச்சருங்க இருக்கறாங்க. புடிக்கலீன்னா டிசிய வாங்கீட்டு வந்துரலாம்." நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். "இன்னொண்ணும் சொல்லீர்றேன் அம்மிணி. நீ அங்க வந்தா என்ற வகுப்புல ஒரு தலை கூடும். எனக்கு அது ஆதாயம். அதையும் மனசுல வெச்சுட்டு முடிவு பண்ணு."

தன் லாபத்தைத் தானே எடுத்துச் சொல்லி ஆள் சேர்க்கிறவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சனிக்கிழமை வந்த வெள்ளைச் சட்டைக்காரரிடம் அந்தக் குடையைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் அதையும் சிரித்தபடியே வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷம்தான் கேரளத்தில் பட்டப்படிப்பையே மாற்றினார்கள். நாலு வருஷப் படிப்பு என்று எல்லோரும் பேசினார்கள். எனக்கு விளங்கவில்லை. டீச்சர் என் கடையில் நின்றே விளக்கினார். அப்படியொரு உற்சாகத்தில் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

"மூணு வருஷம் படிச்சா டிகிரிய வாங்கீட்டு எறங்கிக்கலாமுங்க. வேணும்ங்கறவங்க நாலாவது வருஷமும் போலாம். அதவிட நல்லது என்னன்னா, மெயின் பாடத்துக்கூட என்ன படிக்கறதுன்னு புள்ளைங்களே எடுத்துக்கலாம். முன்ன எல்லாம் ஹிஸ்டரின்னு வந்தா, கூட எகனாமிக்ஸும் தின்னுதான் ஆகோணும்னு இலைல போட்டுருவாங்க. இப்ப வாசல் வெச்சிருக்காங்க. சர்க்கார் மொத மொதல்ல வாசல் வெச்சிருக்குது."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. ரோட்டைப் பார்த்தபடி, என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல் கேட்டார்: "அப்ப என்ற வகுப்புக்கு ஆருங்க வருவாங்க?"

நான் சமாதானமாக ஏதோ சொன்னேன். அவர் காதில் விழுந்திருக்காது.

மகளுக்கு இடம் கிடைத்தது. ஹிஸ்டரி. கூடப் படிக்கும் பாடங்களைப் போனிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். காலை நேரம், கடையில் கூட்டமில்லை. உள்பெஞ்சில் மகள் போனோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே டீச்சர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

"டீச்சர், எதையெல்லாம் எடுக்கட்டும்?" என்று உள்ளே இருந்தபடியே கேட்டாள் மகள்.

"என்னையக் கேக்காத அம்மிணி. இதுல நான் ஒரு கட்சி," என்றார். சொன்னதோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடைக்கு முதுகு காட்டி ரோட்டோரம் போய் நின்றார். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. உள்ளே தப்பித் தவறியும் பார்வை போய்விடக் கூடாது என்று நிற்கிறவரின் முதுகை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் சைக்காலஜி எடுத்தாள். அவள் சிநேகிதிகள் எல்லோரும் அதைத்தான் எடுத்திருந்தார்கள். எடுத்துவிட்டு என்னிடம் வந்து மெல்ல, "டீச்சர்கிட்டச் சொல்லாதீங்கப்பா," என்றாள். பிறகு அவளுக்கே பொறுக்கவில்லை போல, நேராக ரோட்டுக்குப் போனாள்.

"டீச்சர், எனக்கு எகனாமிக்ஸ் அவ்வளவாப் புடிக்கலீங்க. அதான்."

டீச்சர் அவள் கன்னத்தைத் தொட்டார். "மூஞ்சிக்கு நேராச் சொன்னயே, அது போதும்." அவள் உள்ளே போன பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் வெளிறிக் கிடந்தது, ஆனால் குரல் சரியாகத்தான் இருந்தது. "வாசல் வெச்சா ஆளு வெளிய போகத்தானுங்க செய்யும். வேண்டாம்னு சொல்ல முடியுங்களா?"

பழைய முறையில் சேர்ந்து எகனாமிக்ஸைக் கட்டாயமாகப் படிக்கிற பிள்ளைகள் இரண்டாம் வருஷத்தில் இருந்ததால் அந்த வருஷம் வேலை எப்படியோ ஓடியது. ஆனால் டீச்சர் ஓடவில்லை, தேய்ந்தார். பஸ்ஸுக்கு நிற்கும் முதல் வருஷத்துப் பிள்ளைகளிடம், கோள் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்பார்: "உன்ற கிளாஸுல எகனாமிக்ஸ் ஆராச்சும் எடுத்தாங்களா கண்ணு?" பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். யாராவது ஒருத்தி இரக்கப்பட்டு, "ரெண்டு மூணு பேரு இருப்பாங்க மிஸ்," என்பாள். இரண்டு மூன்று பேரை நிரந்தர ஆசிரியர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த மாதங்களில் டம்ளரை ஊருக்கு வந்து இறங்கியதும் என் கடைக் குழாயில் ஒரு தடவை கழுவுவார். கல்லூரியிலேயே கழுவித்தான் கொண்டு வந்திருப்பார்.

அடுத்த ஜூன் முதல் வாரத்தில், இன்டர்வியூவுக்குப் பேப்பர் கொடுக்கப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போதே போன் வந்தது. கல்லூரி ஆபீஸில் வேலை பார்க்கிற தெரிந்த பெண். இந்த வருஷம் எகனாமிக்ஸுக்கு இன்டர்வியூ இல்லை, பேப்பரை எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று நல்ல மனதோடுதான் சொன்னாள். டீச்சர், "செரிங்க, செரிங்க," என்று கேட்டுக்கொண்டார். பஸ் வந்து நின்றது. கதவோரச் சீட் காலி. "டீச்சரே, கேறுங்க," என்றார் கண்டக்டர். டீச்சர் கையை மட்டும் ஆட்டினார். பஸ் போன பிறகும் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரி போய்த்தான் அதைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள்.

பின்பு கொஞ்ச நாள் அவரைக் காணவில்லை. தென்னையில் வெள்ளை ஈ விழுந்து குத்தகையும் கையைக் கடித்துவிட்டது என்று அவர் வீட்டுக்காரர் சொன்னார். அன்றைக்கு அவர் கிண்டல் பேசவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு நாள் டீக்கு வந்தபோது, டீச்சருக்கு வேலை இல்லை என்கிற பேச்சு அவர் காதிலும் விழுந்தது. "அட, அப்படிப்பட்ட ஆளுதானுங்க எங்களுக்கு வேணும். புள்ளைங்க அவங்க பேச்சக் கேக்குமல்லோ. நம்பரக் குடுங்க," என்றார். கொடுத்தேன். போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "வெளிய வர்ற வழிய மட்டும் மேடம் என்ட்டக் கேக்காம இருந்தாச் செரி."

அந்த ஜூன் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை. பால் இன்னும் பொங்கவில்லை. எதிர்ப்பக்கத்தில், கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகளுக்கு நடுவே, டீச்சர் நின்றார். அவர் கழுத்திலும் அட்டை தொங்கியது. தோளில் காக்கிப் பை இல்லை. கையில் சின்னதாக ஒரு மணிபர்ஸ், அவ்வளவுதான். நான் டீயை ஊற்றி எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.

"எப்ப இருந்துங்க டீச்சர்?"

"போன வாரமே சேந்தாச்சுங்க. உங்க கண்ணுல படாம, அங்க முன்னால இருக்கற ஸ்டாப்புல போயி ஏறீட்டிருந்தேன். எத்தன நாளைக்கு நடக்கறது."

மாதச் சம்பளம் மாதத்தில் வந்துவிடும் என்றார். வகுப்பில்லாத நேரத்தில் இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பிள்ளை சேர்க்கும் வேலையும் உண்டு என்பதைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னார். நான் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது.

"ஒரிஜினல் எல்லாம் குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாத்தானுங்க சேத்துவாங்க. டீச்சருக்கும் அதே சட்டந்தான்."

"எழுதி ஏதாச்சும்..."

"கேக்கலீங்க." டீயைக் குடித்தார். முழுவதும் குடித்து முடித்து கிளாஸைக் கையில் கொடுத்தார். அத்தனை வருஷத்தில் ஜூன் மாதத்தில் அவர் டீயைக் குடித்து முடித்து நான் பார்த்தது அன்றுதான். என் பார்வை வெறுந்தோளில் நிற்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "பை எதுக்குங்க. அங்க எனக்குன்னு மேசை குடுத்திருக்காங்க, டிராயர் வெச்சு. டம்ளர அதுலயே வெச்சுட்டு வந்துட்டேன்."

மஞ்சள் பஸ் வந்தது. கதவு திறந்தது. இந்தப் பக்கம் என் கடை முன்னால் மகள் மேற்கு பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். "டீச்சர்" என்று கூப்பிட்டுக் கை காட்டினாள். டீச்சரும் காட்டினார். படியேறினார். கதவோரச் சீட் காலியாகத்தான் இருந்தது. அதைத் தாண்டி உள்ளே போய், நடுவில் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.